குடியை வெல்லும் தோழமை
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெயரால் கூடியிருக்கும் இந்த வெள்ளி விழாவில் எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு மது. விழாவில் பேசுதற்கு இதுவா பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். 25 ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வந்திருக்கிறது. அந்தப் புத்தகத்திற்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் உரிய பணம் மாலையானதும் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை இங்கு அறியாதவர் எவருமிலர். ஆகவே இது கல்விக்குப் புறம்பான பொருள் அன்று. கல்வியின் அடித்தளத்தையே அரிக்கும் பொருள்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட விரும்புகிறேன். குடி நம் மக்களுக்கு மட்டும் உரிய நோய் என்று சொல்வோர் உளர். அது பழிச்சொல். மாளிகையிலும் குடி உண்டு, மன்றங்களிலும் உண்டு, எல்லாச் சாதியினரிடத்தும் உண்டு. ஆனால் பத்து ஏக்கர் நிலமுள்ளவன் குடித்தால் ஓர் ஏக்கர் போகும். ஒன்றுமே இல்லாதவன் குடித்தால் அடுத்த வேளை உலை போகும், பிள்ளையின் படிப்புப் போகும். நோய் ஒன்றுதான், இழப்புத்தான் வேறு. பழிக்கு அஞ்சி நாம் வாய்மூடி இருந்தால் அந்த இழப்பு நின்றுவிடாது. நம் வீட்டுக் குறையை நாமே பேசித் தீர்த்துக்கொள்வது தன்மானத்திற்கு இழுக்கன்று. அதுவே தன்மானத்தின் முதற்படி.

மதுவும் அடிமைத்தனமும்

அடிமைப்பட்ட மக்களுக்கு மதுவை ஊற்றிக் கொடுப்பது ஆதிக்கம் செய்வோரின் பழைய உத்தி. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பெரும் தலைவராக உயர்ந்தவர் பிரெடெரிக் டக்ளஸ். 1845 இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு செய்தியை எழுதியுள்ளார். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை அடிமைகளுக்கு விடுமுறை கிடைக்கும். அந்நாட்களில் யார் அதிகம் குடிப்பார் என்று பந்தயம் கட்டிக் குடிக்க வைப்பார்களாம் எசமானர்கள். விடுமுறை முடிந்து தலைவலியோடும் வெட்கத்தோடும் எழும் அடிமை, 'சுதந்தரம் என்பது இதுதானா?' என்று தானே அதை வெறுத்துத் தோட்டத்திற்குத் திரும்புவான். சங்கிலியைவிட மலிவான விலங்காக மது அங்கே பயன்பட்டது.

நம் நாட்டுக் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. சாவு வீட்டில் பறையடிக்கப் போனவருக்குக் கூலியில் ஒரு பகுதி சாராயமாகவே அளக்கப்பட்டது. மலக்குழியில் இறங்கியவரும் பிணவறையில் நின்றவரும், 'குடிக்காமல் இந்த நாற்றத்தை எப்படித் தாங்குவது?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. மனிதனைக் கொண்டு மலம் அள்ளும் வேலையை 1993 ஆம் ஆண்டுச் சட்டமும் 2013 ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்த பிறகும் அது முற்றாக ஒழியவில்லை. இழிவைச் சுமத்தியவர்களே அதை மறக்க மதுவையும் தந்தார்கள். எனவே குடிப்பவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அறியாமை. ஆனால் காரணம் இருக்கிறது என்பதனாலேயே நஞ்சு அமுதமாகிவிடாது. இழிவை எதிர்ப்பதற்குத் தெளிந்த தலை வேண்டும்.

அதனாற்றான் அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது, அங்கு எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதையும் ஒன்றாக வைத்தார். அதற்கு முன்பே, 1898 இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அயோத்திதாசர் நம் முன்னோரின் நெறியென்று எடுத்துக் காட்டிய பௌத்தத்திலும், பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மயக்கும் பொருள்களைத் தவிர்ப்பதேயாகும். நமக்கு இது பிறர் வந்து புகட்டும் உபதேசம் அன்று; நம்முடைய சொந்த மரபு.

கடையும் சட்டமும்

சட்டம் குடியை ஒழித்துவிடும் என்று காத்திருந்த காலமும் உண்டு. 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. 1971 இல் தளர்த்தப்பட்டது. 1974 இல் திரும்பவும் வந்தது. 1981 இல் கள்ளுக்கும் சாராயத்திற்கும் கடைகள் மீண்டும் திறந்தன. 1983 இல் அரசின் வாணிபக் கழகமான டாஸ்மாக் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்ததேயன்றிக் குடிப்பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை.

கடைக்கு வெளியே இன்னொரு ஆபத்தும் நிற்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் மாண்டனர். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கிய சாவு 60 பேரைக் கடந்தது. மாண்டவருள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற அன்றாடக் கூலிகள். கலந்திருந்தது மெத்தனால். அது உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கும்; இரத்தத்தை அமிலமாக்கும். குடித்த சில மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பார்வை மங்கினாலோ வயிறு வலித்தாலோ ஒரு நொடியும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவலருக்கு அஞ்சி மறைத்து வைத்தால் அவ்வச்சமே உயிரைக் குடித்துவிடும்.

அண்டை மாநிலமான ஆந்திரத்தில் நிகழ்ந்ததை நம் தாய்மார்கள் அறிய வேண்டும். 1992 இல் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வகுப்புகளுக்கு எழுத்துக் கற்க வந்தனர் ஏழைப் பெண்கள். சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை அவர்களுடைய பாடத்தில் இருந்தது. படித்தவர்கள் பாடத்தோடு நிற்கவில்லை. தூபகுண்டா என்னும் சிற்றூர்ப் பெண்கள் சாராயத்தை ஊருக்குள் வரவிடாமல் மறித்தார்கள். அச்செய்தியே அடுத்த பாடமாகிப் பரவிற்று. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. ஓர் எழுத்து வகுப்பு ஓர் அரசாங்கத்தின் வருவாயையே அசைத்துவிட்டது! ஆனால் 1995 இல் வந்த முழு மதுவிலக்கு 1997 இல் தளர்த்தப்பட்டதையும் நாம் மறந்துவிடலாகாது. கடையை மூடப் போராடுவோம். அது நம் உரிமை. அதே வேளையில், கடை திறந்திருக்கும் தெருவிலும் குடிக்காமல் நடந்து செல்லும் மனிதனை உருவாக்க வேண்டும். அந்தப் பணியைச் சட்டம் செய்யாது. தோழன்தான் செய்ய முடியும்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

நம் இளைஞர்கள் படித்தவர்கள். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறத்தாழ 43 விழுக்காடு சாராயச் சத்து. எடையில் சொன்னால் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரையே அதனை எரிக்க வல்லது. இரவு 9 மணிக்குக் குடித்தவரின் இரத்தத்தில் விடியற்காலையிலும் மது ஓடிக்கொண்டிருக்கும். 'காலையில் தெளிந்துவிட்டது' என்று சாரத்தில் ஏறும் கட்டடத் தொழிலாளியின் கால் ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது விளங்கும். பீர் தீங்கற்றது என்பதும் பொய். 5 விழுக்காடு கொண்ட 650 மில்லி பீர்ப் புட்டியில் 25 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. மது அருந்துவதில் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்துவிட்டது.

பணக் கணக்கும் பார்ப்போம். நாளொன்றுக்கு 150 ரூபாய் செலவிடுபவர் ஆண்டொன்றில் 54,750 ரூபாயைக் குடிக்கிறார். இதில் தொட்டுக்கொள்ளும் செலவும் மறுநாள் இழந்த கூலியும் சேரவில்லை. ஒரு மகளின் கல்லூரிப் படிப்பு அந்தப் புட்டிகளுக்குள் கிடக்கிறது, தோழர்களே!

தனித்து நின்றவன் தோற்கும் இடம்

இவ்வளவும் குடிப்பவருக்குத் தெரியாதா? தெரியும். 'நாளை முதல் தொடமாட்டேன்' என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்பவரும் அவரே. மறுநாள் மாலையில் கடை வாயிலில் நிற்பவரும் அவரே. சத்தியம் பொய்யன்று. ஆனால் பழக்கம் சத்தியத்தைவிட வலியது. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட வழி, குறிப்பிட்ட நண்பர், கையில் கூலி இவை ஒன்றுகூடியதும் மனம் தானாகவே அந்தப் பாதையில் இழுத்துச் செல்கிறது. மூளை அவ்வாறு பழகிவிட்டது. அதனை எதிர்த்துத் தனியே நிற்பவன் பத்து நாள் வெல்வான். பதினோராம் நாள் தோற்பான்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் குடித்தவர், சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். எப்படி முடிகிறது? பக்தி என்பர் சிலர். அதனோடு வேறொன்றும் இருக்கிறது. அவரோடு மாலை போட்ட பத்துப் பேர் காலையிலும் மாலையிலும் கூடுகிறார்கள். ஊரே அவரைச் 'சாமி' என்று மரியாதையாக அழைக்கிறது. பழைய கூட்டாளி, 'வா, ஒரு கட்டிங் போடலாம்' என்று கூப்பிட நாணுகிறான். மாலையைக் கழற்றியதும் கூட்டம் கலைகிறது, மரியாதையும் கலைகிறது, புட்டி திரும்புகிறது. அந்தப் பத்துப் பேரையும் மரியாதையையும் ஆண்டு முழுதும் நிறுத்தி வைக்க நம்மால் ஆகாதா என்பதே நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

தோழமையின் வரலாறு

ஆகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1935 இல் பில் வில்சன் என்னும் நியூயார்க் வணிகர் தொழில் நிமித்தமாக அக்ரன் நகருக்கு வந்தார். குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. மனம் மதுக்கூடத்தை நாடிற்று. அப்போது அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது: 'இன்னொரு குடிகாரனிடம் பேசினால் நான் தப்புவேன்.' பலரிடம் விசாரித்து, பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அம்மருத்துவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அறிவுரை சொல்லவில்லை, ஒருவர் பட்டதை மற்றவருக்குச் சொன்னார்கள். மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 சூன் 10 ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. கட்டணம் இல்லை, பெயரை வெளியிடுவதில்லை, அரசியல் சார்பு இல்லை. இன்று உலகெங்கும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன, தமிழகத்திலும் நடக்கின்றன. 10,000 பேருக்கு மேற்பட்டோர் பங்குபெற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் கொக்ரேன் ஆய்வமைப்பு வெளியிட்ட அறிக்கை, குடியை முற்றாக விடச் செய்வதில் இவ்வழி மற்றச் சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ பயன்தருகிறது என்று கண்டது.

நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் சான்றும் இருக்கிறது. கனடாவில் அல்கலி ஏரிப் பகுதியில் வாழும் ஷுஸ்வாப் பழங்குடியினரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, மொழியையும் மானத்தையும் பறித்தார்கள். ஊர் முழுதும் குடியில் ஆழ்ந்தது. 1972 இல் பில்லிஸ் செல்சி என்னும் பெண் குடியை விட்டார். குடித்திருந்த பெற்றோருடன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சிறுமியான அவர் மகள் மறுத்ததே அதற்குத் தூண்டுகோல். கணவர் ஆண்டியும் விட்டார்; ஊர்த்தலைவரானார். தொடக்கத்தில் துணைக்கு வந்தவர் வெகுசிலரே. ஆனால் சிகிச்சைக்குப் போனவரின் பிள்ளைகளை அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவருக்கு வேலை தேடித் தந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வூரின் மிகப் பெரும்பான்மையோர் குடியிலிருந்து மீண்டனர். ஒரு குடும்பம் தொடங்கியது. ஓர் ஊர் எழுந்தது.

இவற்றையெல்லாம் நமக்குப் புதுமை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, 'பாதியன்று, முழுவதுமே அதுதான்' என்று திருத்தினார் புத்தர் பெருமான். பௌத்த சங்கத்துத் துறவிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடித் தம் தவறுகளைத் தாமே எடுத்துரைத்தனர். வள்ளுவரின் 93 ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையைப் பல பதிப்புகள் நட்பியலில் வைத்திருக்கின்றன. அதனை அடுத்து வருவன சூதும் மருந்தும்! நோயும், அதன் இணைநோயும், தீர்வும் நட்பு என்னும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன.

மருத்துவரை மறவாதீர்

இங்கு ஓர் எச்சரிக்கை. எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்னும் நிலையில் உள்ளவர், திடீரென்று தாமாக நிறுத்தலாகாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத உருவங்கள் தோன்றி மனங்குழம்பலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவரை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாமே அழைத்துச் செல்ல வேண்டும். சில நாள் மருந்தும் பி-1 உயிர்ச்சத்தும் அவரைக் காக்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். அத்தகைய மருந்து உள்ளிருக்கும்போது அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து நெஞ்சே நின்றுபோகக்கூடும். அவர் குடிப்பது உங்கள் குற்றமன்று. அடியைப் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமையுமன்று. 181 என்னும் எண் உங்களுக்காகவே இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

செயலுக்கு வருவோம். இக்கழகத்தின் படிப்பகத்திலேயே வாரந்தோறும் ஒரு தோழமை வட்டம் கூடட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். நாள், சனிக்கிழமை மாலை. கூலி கையில் வந்து, கால் கடையை நோக்கும் நேரம் அதுவே. வருபவருக்குத் தேநீரும் சுண்டலும் இருக்கட்டும். ஏனெனில் பசியும் குடி வேட்கையை வளர்க்கும்.

விதிகள் சிலவே. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே பேச வேண்டும்; பிறரைச் சாடலாகாது. கட்சிப் பேச்சும் பங்காளிச் சண்டையும் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். மீண்டும் குடித்துவிட்டு வந்தவரை விலக்கலாகாது. வழுக்கி விழுந்தவன் எழுந்து நடப்பதற்கே வட்டம். குடியை விட்டவர் ஒருவர், விட விரும்பும் ஒருவருக்குத் துணையாகட்டும். மனம் இழுக்கும்போது அவரைத் தொலைபேசியில் கூப்பிடலாம். வேட்கை அலையைப் போன்றது. அரைமணி நேரம் தாங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த அரைமணி நேரம் உடனிருப்பதே தோழனின் கடமை.

குறைக்க விரும்புவோர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். என்று, எவ்வளவு, யாருடன், எதற்காக என்று எழுதினால் ஒரு மாதத்தில் பகைவன் எவ்வழியாக வருகிறான் என்பது புலப்படும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்குமே பெரும்பாலும் அவ்வழிகள். வாரத்தில் மூன்று நாள் தொடாமலிருந்து, பின் நான்கு, ஐந்து என்று கூட்டலாம். கூலியை வாங்கியதும் வீட்டில் கொடுத்துவிடலாம். கடையில்லாத தெருவழியே வீடு திரும்பலாம். குறைக்க முயன்றும் முடியாதவர், முற்றாக விடுவதே தமக்குரிய வழி என்று உணர்ந்து மருத்துவரையும் வட்டத்தையும் நாட வேண்டும்.

பழக்கத்தை எடுத்த இடம் வெற்றிடமாக நிற்கலாகாது. கைப்பந்தும், கேரமும், படிப்பகமும் அங்கே வந்து அமர வேண்டும். நம் பறை, புட்டிக்கு அடிக்கும் கருவியாக இனி இருக்கலாகாது; அடிப்பவருக்கு உரிய கூலி பணமாகவே தரப்பட வேண்டும் என்று வட்டம் உறுதி கொள்ளட்டும். திருமணத்திலும் காதணி விழாவிலும் மது வழங்குவதில்லை என்று முதலில் பத்துக் குடும்பங்கள் முடிவெடுக்கட்டும்.

இளைஞர்களே, புட்டியைத் தொடாத உங்களிற் சிலர் கைப்பேசியில் ரம்மி ஆடிப் பணத்தை இழக்கிறீர்கள். இணையச் சூதாட்டத்தைத் தமிழக அரசு 2022 இல் தடுத்துச் சட்டம் செய்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025 இல் நாடாளுமன்றமும் தடை செய்தது. ஆயினும் வழிகள் முற்றாக அடைபடவில்லை. அதுவும் இதே பழக்க நோய்தான். இழந்ததை மீட்கவே மேலும் ஆடுகிறேன் என்பவனும், நடுக்கத்தைத் தீர்க்கவே மேலும் குடிக்கிறேன் என்பவனும் ஒரே சுழலில் சிக்கியவர்கள். அவர்களுக்கும் வட்டத்தின் கதவு திறந்திருக்கட்டும்.

பெரியோர்களே, தோழர்களே! 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்று சேர்' என்னும் அறைகூவலை மேடைதோறும் முழங்குகிறோம். ஒன்று சேர்வது ஊர்வலத்திற்கு மட்டுமன்று. மாலை ஆறு மணிக்குக் கை நடுங்கி நிற்கும் நம் அண்ணனின் பக்கத்தில் போய் நிற்பதும் ஒன்று சேர்வதுதான். இம்மலரைப் படிப்பவர் ஒவ்வொருவரும் ஒருவரை, ஒரே ஒருவரை, வரும் சனிக்கிழமை படிப்பகத்திற்கு அழைத்து வாருங்கள். பொன் விழாக் கொண்டாடும் நாளில், எத்தனை பட்டதாரிகளை உருவாக்கினோம் என்பதோடு, எத்தனை தகப்பன்மாரைப் பிள்ளைகளிடம் மீட்டுக் கொடுத்தோம் என்பதையும் இக்கழகம் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

 ஜெய்பீம்!